கழுத்தில் வைத்த கை

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சௌக்கியம். உன் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? காரத்தைக் குறைத்தாயா, இல்லை பழைய குருடி கதவைத் திறடிதானா? போனில் கேட்கலாமென்றால் நீ கத்துகிறாய், நான் கத்துகிறேன், பின்னாலிருந்து உன் ஹோட்டல் மானேஜர் கத்துகிறார். கடிதமே மேல்.

சலூன் வழக்கம்போல் ஓடுகிறது. நீ அந்த ஊருக்கு வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகியும் உன் நாற்காலியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. காத்திருப்பவர்கள் அதில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி ஆடுகிறார்கள். தலை வெட்ட வந்தவர்களுக்குத் தலை சுற்றல் இலவசம்.

ஒரு சின்ன விஷயம். இரண்டு மாதமாகக் கை இரண்டும் உறை மாட்டிக்கொண்டது மாதிரி மரத்துக் கிடக்கின்றன. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் விடிந்துவிடும் போலிருக்கிறது. போன வாரம் தபாலாபீஸ் குமாஸ்தாவின் காது நுனியில் கத்தரி பட்டு ரத்தம் வந்துவிட்டது. "ரெண்டு காது இருக்கேன்னு ஒண்ண எடுத்துக்கப் பாத்தியா?" என்று கேட்டார். நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் அன்று முழுக்க சோறு இறங்கவில்லை.

நின்றே வேலை பார்ப்பதால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். வேறொன்றும் இருக்காது. உடம்பைப் பார்த்துக்கொள், பதில் போடு.

உன் தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு அண்ணன் ஆசீர்வாதம். என் வயிறு இருக்கிற இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றி விசாரிக்கிறவன் நீ ஒருவன்தான், நன்றாயிரு.

அடேய், முப்பது வருஷம் குனிந்தே நின்றவனுக்குக் கழுத்து பிடிக்காமல் பின்னே காதா பிடிக்கும்? இதற்குப் போய் சோறு இறங்கவில்லையாம். நான் அங்கே இருந்தவரை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உனக்கு நெட்டி எடுத்துவிடுவேன், நீ எனக்கு எடுத்துவிடுவாய். அப்பா கற்றுக்கொடுத்த வித்தை. நாலு வருஷமாக உன் கழுத்துக்கு நாதியில்லை, இறுகிவிட்டது. கைக்குப் போகிற நரம்பெல்லாம் கழுத்து வழியாகத்தானே போகிறது? இதைச் சொல்ல டாக்டர் எதற்கு!

இந்த ஹோட்டலுக்கு வருகிறவர்கள் முடி வெட்டவா என்னிடம் வருகிறார்கள்? நெட்டிக்கு வருகிறார்கள். தாடையில் ஒரு கை, பிடரியில் ஒரு கை, மூச்சை விடச் சொல்லி ஒரு திருப்பு. நேற்று ஒரு விமான ஓட்டி, "இவ்ளோ நாளா இந்தத் தலையைச் சும்மா தூக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றான்.

கண்டவன் கையில் கழுத்தைக் கொடுத்துவிடாதே. நான் வந்து எடுத்துவிடுகிறேன். அதுவரை வெந்நீர் ஒத்தடம் கொடு. தம்பி மனைவியை விசாரித்ததாகச் சொல். குமாஸ்தாவையும், அவர் காதையும்.

அன்புடன் அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தேன்.

குனிந்தால் கழுத்திலிருந்து குதிகால் வரை கரண்ட் அடிக்கிறது. அதனால் உன் தம்பி மனைவி, தான் வேலை பார்க்கும் பை தைக்கும் கூடத்தில் லீவு போட்டு, என்னைக் கையோடு இழுத்துப் போய்விட்டாள். நரம்பு டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கழுத்தெலும்பு தேய்ந்து, எலும்புக்கு நடுவில் உள்ள தட்டு பிதுங்கி, உள்ளே போகிற தண்டுவடத்தை நசுக்குகிறதாம். கையை மூடி மூடித் திறக்கச் சொல்லி கடிகாரத்தைப் பார்த்தார். பத்து விநாடியில் இருபது தடவை வர வேண்டுமாம். எனக்குப் பதினொன்று வந்தது. கத்தரி பிடித்த கை அண்ணே, பதினொன்று. வெட்கமாகப் போய்விட்டது.

ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். மே ஆறாம் தேதி கொடுத்திருக்கிறார். செய்துவிட்டால் மூன்று மாதத்தில் பழையபடி கடையில் நிற்கலாம். அந்த அம்மா வேறு சில கட்டளைகளும் போட்டார். அதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

நீ சரி என்றால் கையெழுத்துப் போடுகிறேன். வயிறு காய விடாதே.

உன் தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

நான் நலம். உன் கடிதத்தைப் படித்த பிறகு அதுவும் இல்லை.

கையெழுத்துப் போடாதே. போடவே போடாதே. கழுத்தில் கத்தி வைப்பது என்ன என்று உனக்கும் எனக்கும் தெரியாதா? ஒரு மயிரிழை தப்பினால் என்ன ஆகும் என்று தெரிந்துதானே தினமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சவரம் செய்கிறோம்? நாம் வைப்பது தோலுக்கு வெளியே. அவர்கள் வைப்பது உள்ளே. எங்கள் சமையல்காரரின் மைத்துனன் முதுகில் ஆபரேஷன் என்று நடந்து போனான், நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்னும் படுக்கைதான்.

பெரிய டாக்டர்களுக்கு எதைப் பார்த்தாலும் அறுக்கத்தான் தோன்றும். சுத்தியல் வைத்திருப்பவனுக்குக் கண்டதெல்லாம் ஆணி. ஜூன் இரண்டாம் வாரம் எனக்கு லீவு கிடைக்கிறது. வருகிறேன். என் கை பட்டும் சரியாகவில்லையென்றால் அப்புறம் யோசிக்கலாம். இத்தனை மாதம் பொறுத்தாய், இன்னும் இரண்டு மாதம் பொறுக்க மாட்டாயா? அப்பா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

தைரியமாக இரு. உனக்கு நான் இருக்கிறேன்.

அண்ணன்


மே 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீ சொன்னபடி மே ஆறாம் தேதியை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மா காகிதத்தில் ஏதோ எழுதி அடிக்கோடு போட்டார். வீட்டில் இரண்டு நாள் எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது, தட்டு மட்டும் சத்தமாக வந்தது.

கடையில் இப்போது மெஷின் மட்டும்தான். கத்தரி, சவரம் இரண்டும் நிறுத்திவிட்டேன். "ஃபேஷன் மாறிடுச்சு" என்று வருகிறவர்களிடம் அளக்கிறேன். நேற்று ஒரு காலில் செருப்பு கழன்றது தெரியாமல் கடைவீதி வரை நடந்திருக்கிறேன். பின்னாலேயே எடுத்துவந்து கொடுத்தார்கள். சிரித்துச் சமாளித்தேன்.

நீ வா அண்ணே. பார்த்து நாளாகிறது. அதுதான் எனக்கு முதலில்.

உன் தம்பி


ஜூன் 14

தம்பிக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பக்கத்து ஆசாமி என் தோளையே தலையணையாக்கித் தூங்கிவிட்டான். மற்றபடி குறையில்லை.

நான்கு நாள் போனதே தெரியவில்லை. நீ நடக்கும்போது சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பதைப் பார்த்து முதல் நாள் எனக்குப் பகீரென்றது, உண்மைதான். ஆனால் கிளம்புகிற அன்று மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உன்னை என் நாற்காலியில் உட்கார வைத்தேனே, அந்தக் கால்மணி நேரம் போதும். தாடையில் கை வைத்ததும் ஒரு நிமிஷம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். "என்னடா, அண்ணன் கையை நம்பலயா?" என்றேன். விட்டுவிட்டாய். இரண்டு பக்கமும் 'படக் படக்' என்று கேட்டது, அப்பா காதில் விழுந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். "லேசாயிடுச்சு அண்ணே" என்றாயே, ஊர் வந்து சேரும் வரை அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பின்னாலேயே வருகிறேன் என்றவன் என்னை வழியனுப்ப ஏன் பஸ் நிலையம் வரை வரவில்லை? கடையில் ஆள் இருந்ததா? இப்போது கை எப்படி இருக்கிறது? பொத்தான் போட முடிகிறதா? விவரமாக எழுது. தம்பி மனைவி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆபரேஷனைத் தடுத்த கோபம் போலிருக்கிறது. போகட்டும், உன்னைப் பார்த்தால் தானாகத் தணியும்.

அண்ணன்


ஜூலை 21

மரியாதைக்குரிய மாமாவுக்குத் தம்பி மனைவி வணக்கம். தாங்கள் நலமென்று நம்புகிறேன்.

நீங்கள் போட்ட இரண்டு கடிதமும் ஒரு அட்டையும் அவர் தலைமாட்டில் இருக்கின்றன. எழுத வேண்டாம் என்றார். ஆபரேஷன் நடந்ததைக்கூடச் சொல்லாமல் இருக்க எனக்கு மனசில்லை. ஜூன் 13ஆம் தேதி நடந்தது. ஐந்து மணி நேரம் ஆயிற்று. பின்கழுத்தைத் திறந்து, எலும்பை எடுத்து, திருகாணி வைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. கழுத்துப்பட்டையோடு ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு முந்தாநாள் வீட்டுக்கு வந்தோம்.

ஆபரேஷனுக்கு முன்னால் பிடரியில் மழிக்க ஒரு ஊழியர் வந்தார். இவர் குப்புறப் படுத்தபடியே, "மேலேர்ந்து கீழ இழுப்பா, எதிர்ல ஓட்டினா பொரிபொரியா கிளம்பும்" என்று வகுப்பெடுத்தார். அந்த ஆள் ஏழு இடத்தில் கீறிவிட்டார். இவர் சிரித்தார். நான் வெளியே போய் அழுதேன்.

இரண்டு பேர் பிடித்தால் நிற்கிறார். கையில் ஸ்பூன் நிற்கவில்லை. எனக்கு எழுதுவதானால் பை தைக்கும் கூடத்து முகவரிக்கு எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி மனைவி


ஜூலை 27

அம்மா,

நீ எப்படியம்மா இருக்கிறாய்? உன் கடிதத்தை நின்றபடி படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் கிளம்பியது ஜூன் 11. நடந்தானே? லேசாகிவிட்டது என்று சொன்னானே? இரண்டே நாளில் அவசர அவசரமாக ஆபரேஷன் என்றால் நடுவில் என்ன நடந்தது? அவனுக்கும் ஒரு அட்டை போட்டுக் கேட்டிருக்கிறேன். அவன் மழுப்புவான், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். நீ சொல். மறைக்காமல் சொல். கை எப்போது பழையபடி ஆகும் என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்.

இங்கே லீவு கேட்டிருக்கிறேன். போன மாதம்தான் எடுத்தாய் என்கிறார் மானேஜர்.

பெரியவன்


ஆகஸ்ட் 12

மாமாவுக்கு வணக்கம். நலமா என்று கேட்க வேண்டும், கேட்கிறேன்.

பத்து நாள் இதை எழுதாமல் தள்ளிப் போட்டேன். நீங்கள் மறைக்காமல் கேட்டீர்கள், மறைக்காமல் சொல்கிறேன்.

நீங்கள் பஸ் ஏறிய அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது கடைக்குள் தரையில் கிடந்தார். வழியனுப்ப வர எழுந்தவர் அங்கேயே விழுந்திருக்கிறார். கால் இரண்டும் வரவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார், யாரையும் கூப்பிடவில்லை. "அண்ணன் பஸ் கிளம்பட்டும்னு இருந்தேன்" என்றார்.

மார்ச் மாதம் நாங்கள் போய்ப் பார்த்த முதல் நாளே டாக்டரம்மா சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். கழுத்தை யாரும் திருப்பக் கூடாது, பிடித்துவிடக் கூடாது, நெட்டி எடுக்கவே கூடாது, எடுத்தால் படுத்துவிடுவீர்கள் என்று. என்ன தொழில் என்று கேட்டுவிட்டு அதை இரண்டு தடவை சொன்னார். உங்கள் தம்பி உங்களுக்கு எழுதினாரா? இல்லை. நேரில் சொன்னாரா? அதுவும் இல்லை. நான் அந்த நேரம் வேலையில் இருந்தேன்.

"தெரிஞ்சும் ஏன் விட்டீங்க?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "நாலு வருஷம் கழிச்சு வந்து ஆசையா கையை வைக்குது. கையை எடுன்னு எப்படி சொல்றது?" என்றார்.

உங்களைத் திட்டத்தான் காகிதத்தை எடுத்தேன். மே ஆறாம் தேதி நம் கையில் இருந்தது. நீங்கள் தடுத்தீர்கள், அவர் கேட்டார், நான் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் விட்டுவிட்டேன். மூன்று பேருக்கும் பங்கு இருக்கிறது. அதனால் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

கையைப் பற்றிக் கேட்டீர்கள். பழையபடி ஆகாது. மூன்று மாதத்தில் கடையில் நிற்கலாம் என்பதெல்லாம் அவர் உங்களுக்காகச் சொன்னது. டாக்டரம்மா சொன்னது இதுதான்: "போனதைக் கொண்டுவர இந்த ஆபரேஷன் இல்லைம்மா. இருக்கறது போகாம இருக்கத்தான்." மே மாதம் இருந்தது நிறைய. இப்போது இருப்பது இவ்வளவுதான்.

கைப்பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். பந்தை அழுத்தச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உங்கள் அட்டைக்கு மட்டும் தானே பதில் எழுதுவேன் என்று அடம் பிடிக்கிறார். நான் இதையெல்லாம் உங்களுக்கு எழுதியது அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

தம்பி மனைவி


செப்டம்பர் 3

அண்ணே

நலம். நீ நலமா. இது என் கை. கோழி கிளறியது போல் இருக்கும். சிரிக்காதே.

நீ போன பின் நன்றாக இருந்தேன். நெட்டி நல்லது செய்தது. மறுநாள் குளிக்கும் இடத்தில் சோப்பில் வழுக்கி விழுந்தேன். அதனால்தான் ஆபரேஷன். உன் கையால் இல்லை. உன் கையால் ஒன்றும் இல்லை.

கடைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். உன் நாற்காலியை எடுத்து வீட்டில் போட்டிருக்கிறேன்.

வேலையை விட்டு வந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு.

தம்பி


செப்டம்பர் 10

என் தம்பிக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

நான் நலம், வயிறும் நலம். உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து ஒன்றும் மோசமில்லை. பள்ளிக்கூடத்தில் இதைவிடக் கேவலமாக எழுதி உதை வாங்கியவன்தானே நீ!

சோப்பில் வழுக்கினால் யார்தான் விழ மாட்டார்கள்? மகாராஜாவே விழுவார். சோப்பைக் கண்ட இடத்தில் போட வேண்டாம் என்று உன் பெண்டாட்டியிடம் நான் சொன்னதாகச் சொல். உண்மையைச் சொன்னால், நடுவில் ஒரு நாள் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது, என் கையால்தான் ஏதாவது ஆகிவிட்டதோ என்று. உன் கடிதத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. முழுசாக நம்பிவிட்டேன். இனி அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே. உனக்கும் சிரமம்.

இங்கே வழக்கம்போல் கூட்டம். நெட்டிக்கு வரிசையில் நிற்கிறார்கள். காலையிலிருந்து பதினைந்து கழுத்து. கை ஓயவில்லை.

தைரியமாக இரு, சாப்பிடு, தூங்கு.

உன் அண்ணன்


அக்டோபர் 6

மாமாவுக்கு வணக்கம். தாங்கள் நலந்தானா? வயிற்றுக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். சோப்பு விஷயம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். மறுபடி படிக்கச் சொன்னார். "அண்ணன் நம்பிடுச்சுடி" என்றார். நானும் "ஆமா, நம்பிட்டாரு" என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் பகலில் நிம்மதியாகக் கண்ணயர்ந்தார். பதினைந்து கழுத்து என்று எழுதியிருந்தீர்கள். அதை அவர் நம்பினார். நான் நம்பவில்லை.

அவர் உங்களுக்கு எழுதியது எத்தனை வரி என்று எண்ணினீர்களா? அதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. பேனாவை விரலோடு சேர்த்து நான் துணியால் கட்டிவிடுவேன். காலையில் நாலு வார்த்தை, மாலையில் நாலு வார்த்தை. எழுத்து கோணினால் கிழித்துப் போட்டு முதலிலிருந்து. என்ன எழுதுகிறார் என்று என்னைப் பார்க்க விடவில்லை. பயிற்சி கொடுக்கும் பெண் வந்து பார்த்துவிட்டு, "இந்த ஒன்பது நாள்ல விரல் அசைஞ்ச மாதிரி ரெண்டு மாசத்துல அசையலையே" என்றாள்.

உங்கள் கடிதம் வந்த பிறகு பேனாவைக் கேட்கவில்லை. பந்து வேண்டாமாம், பயிற்சி வேண்டாமாம். அந்தப் பெண்ணை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "எழுத வேண்டியத எழுதியாச்சு" என்கிறார். உங்கள் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். போன வாரத்திலிருந்து கட்டை விரலும் மடங்கிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறது. இருப்பதும் போய்விடும் மாமா.

நீங்கள் நல்லதை நினைத்துத்தான் அப்படி எழுதினீர்கள். எப்போதும் நல்லதை நினைத்துத்தான் செய்கிறீர்கள். இந்தத் தடவை நான் சொல்வதைக் கேளுங்கள். "நீ சொல்வதை நான் நம்பவில்லையடா" என்று அவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். வீட்டு முகவரிக்கே போடுங்கள். அவர் அழுவார். அழட்டும். அழுதுவிட்டுப் பேனாவைக் கேட்பார்.

தாமதிக்காமல் எழுதவும்.

தம்பி மனைவி